ஆறில் நான்கு

போகிமான் விளையாட்டின் கதையை ஒருமுறை ஆடி முடித்தவரிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கும்: தன் அணியை யாராலும் அசைக்க முடியாது. அது வெறும் ஆசையில் பிறந்த நம்பிக்கையும் இல்லை. தொடக்கத்தில் பேராசிரியரிடம் வாங்கிய குட்டிச் சார்மாண்டர் சரிசார்டாக வளர்ந்து, எட்டு ஜிம் தலைவர்களையும் எலைட் ஃபோரையும் ஏறக்குறையத் தனியாகவே வென்று கொடுத்திருக்கிறது. கூட இருந்த ஐந்தில் ஒன்று கடலைக் கடக்க உதவியது, இன்னொன்று ஊர்விட்டு ஊர் பறக்க உதவியது. மற்றவை சரிசார்ட் களைத்தபோது ஓரிரு சுற்று தாங்கின. கதை அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் மேல் அன்பு வைத்து, அதையே திரும்பத் திரும்பக் களமிறக்கி வளர்ப்பவருக்கு ஆட்டம் தாராளமாகப் பரிசளிக்கிறது.

போட்டி ஆட்டம் அந்தப் பரிசை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறது. வி.ஜி.சி. என்று அழைக்கப்படும் அதிகாரபூர்வப் போட்டியில் எல்லாப் போகிமானும் லெவல் 50ஆகவே கணக்கிடப்படும். லெவல் 100ஐ எட்டிய சரிசார்டுக்கும் அதே கதிதான். ஒரே இனத்தில் இரண்டு கூடாது. ஒரே ஐட்டத்தை இரண்டுக்குக் கொடுக்கக் கூடாது. ஆறு போகிமானோடு வர வேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, 90 விநாடிக்குள் தன் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் இரண்டுக்கு இரண்டாக மோத வேண்டும்.

இந்த இரண்டுக்கு இரண்டு என்ற ஏற்பாடு விளையாட்டோடு பிறந்ததன்று. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியான முதல் பதிப்புகளில், இரண்டு கேம்பாய்களை ஒரு கேபிளால் இணைத்து நண்பர்கள் மோதினார்கள். ஒன்றுக்கு ஒன்று என்பதே அன்றைய முறை. 2002இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளில்தான் இரட்டைச் சண்டை நுழைந்தது. ஒவ்வொரு போகிமானுக்கும் தனித் திறனும் சுபாவமும் அதே பதிப்புகளில்தான் சேர்ந்தன. அதுவரை எதிரே நிற்பது எது என்று மட்டும் யோசித்த ஆட்டக்காரர், அன்றுமுதல் பக்கத்தில் நிற்பது எது என்றும் யோசிக்க வேண்டியதாயிற்று. அணி கட்டுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான்.

புதியவர் கட்டும் முதல் அணியில் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. பிடித்தமானவற்றில் பெரியவை, பெரியவற்றில் அழகானவை என்று ஆறை அடுக்குவார். சரிசார்ட், டிராகனைட், கியாரடோஸ், சாலமென்ஸ் என நான்கு சேர்ந்துவிட்டால் பார்ப்பவர் மிரண்டுபோவார் என்று தோன்றும். தனித்தனியாகப் பார்த்தால் நான்குமே வலிமையானவை. பல ஆண்டுகளாகப் போட்டிகளில் ஆடப்பட்டவை. ஆனால் நான்கும் பறக்கும் வகையைச் சேர்ந்தவை. நான்குமே பாறை வகைத் தாக்குதலுக்குத் தளரும். நெருப்பும் பறத்தலும் கலந்த சரிசார்டுக்கு அந்த அடி நான்கு மடங்காக விழும். எதிராளியிடம் ராக் ஸ்லைடு என்ற ஒரே ஒரு மூவ் இருந்தால் போதும். அது எதிரே நிற்கும் இரண்டையும் சேர்த்தே அடிக்கும். அடி வாங்கியது அந்தச் சுற்றில் அசையாமல் போக 30 சதவீத வாய்ப்பும் உண்டு. நான்கு மலைகள் ஒரே பிளவின் மேல் நிற்பது அந்த ஆட்டத்தில்தான் புதியவருக்குத் தெரியவரும்.

இதற்கு மருந்தாக எல்லோரும் காட்டுவது வகை அட்டவணையைத்தான். இன்று 18 வகைகள். ஒவ்வொன்றும் மற்றவற்றை எப்படி அடிக்கும், எதைத் தாங்கும் என்ற கணக்கு. அதை மனப்பாடம் செய்தே தீர வேண்டும், தப்பிக்க வழியில்லை. இருந்தாலும் அட்டவணையை மட்டும் நம்பி எழுப்பிய அணியும் தோற்கும். நெருப்புக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, புல்லுக்கு ஒன்று என்று எல்லா வரிசையிலும் டிக் அடித்துவிட்டு, ஒன்றுக்கொன்று எந்த உதவியும் செய்யாத ஆறு அந்நியர்களைக் கூட்டிவருவது புதியவரின் இரண்டாவது அணிக்கு நேரும் விபத்து.

அருகருகே நிற்பதன் விலை என்ன என்பதைக் கார்சோம்ப் என்ற போகிமானின் எர்த்குவேக் மூவ் நன்றாகக் காட்டும். நில வகை மூவ்களில் பெயர்பெற்றது அது, வலிமை 100. ஆனால் இரட்டைச் சண்டையில் அது எதிரிகள் இருவரையும் மட்டுமல்லாமல் பக்கத்தில் நிற்கும் தோழனையும் அடிக்கும். தோழன் நெருப்பு வகையாக இருந்தால் இரண்டு மடங்கு சேதம். பறக்கும் வகையாக இருந்தால் ஒரு கீறல்கூட விழாது. ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தாக்கும் மூவ்களுக்கு இரட்டைச் சண்டையில் முக்கால் பங்கு சேதமே கணக்கு என்பதால், 100 என்று எழுதியிருப்பது உண்மையில் 75ஆகத்தான் இறங்கும். ஸ்டாம்பிங் டான்ட்ரம் என்று இன்னொரு நில வகை மூவ் உண்டு. அது ஒருவரை மட்டும் அடிக்கும், வலிமை 75. கதை விளையாட்டில் இந்த இரண்டில் எதை வைப்பது என்று யாரும் ஒரு நொடிகூடத் தயங்கமாட்டார்கள். இங்கே அந்தத் தேர்வு கார்சோம்பைப் பொறுத்ததாக இல்லாமல், அதன் பக்கத்து இடத்தைப் பொறுத்ததாக ஆகிவிடுகிறது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவசாலிகள் புதியவருக்குச் சொல்லும் வழிகளில் மிகவும் பலன் தருவது இது: ஒன்றை எடுத்துக்கொள். அதற்கு என்ன வேண்டும் என்று கேள். அந்தத் தேவையை நிறைவேற்றும் இரண்டாவதைக் கொண்டுவா. பிறகு இந்த இரண்டையும் சேர்த்து எது வீழ்த்தும் என்று கேள்.

டார்கோலை வைத்துப் பார்க்கலாம். முதுகில் நிலக்கரி எரியும் ஆமை. அடிப்படை வேகம் வெறும் 20. 2002இல் அறிமுகமானபோது அதைப் போட்டிக்காரர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2016இல் வந்த சன், மூன் பதிப்புகளில் அதற்கு டிரவுட் என்ற திறன் கிடைத்தது: களத்தில் கால்வைத்த உடனே வெயில் கொளுத்தத் தொடங்கும், ஐந்து சுற்று நீடிக்கும். வெயிலில் நெருப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்காகும், தண்ணீர்த் தாக்குதல் பாதியாகும். டார்கோலிடம் இரப்ஷன் என்ற மூவ் உண்டு. உயிர் முழுதாக இருக்கையில் அதன் வலிமை 150. எதிரிகள் இருவரையும் ஒருசேர எரிக்கும். உயிர் குறையக் குறைய அதன் வலிமையும் இறங்கும். ஆக, டார்கோல் அடி வாங்குவதற்கு முன் அடித்தாக வேண்டும். களத்திலேயே மெதுவானது அது என்பதுதான் இடைஞ்சல்.

முதலில் அதன் பலவீனங்கள்: தண்ணீர், நிலம், பாறை. இந்த மூன்று வகைகளையுமே புல் வகை இரண்டு மடங்கு அடிக்கும். புல் வகையில் வீனசார் இருக்கிறது. குளோரோஃபில் என்ற திறன் உடையது, வெயிலில் அதன் வேகம் இரட்டிப்பாகும். லெவல் 50இல் வேகத்துக்கு முழுப் பயிற்சி கொடுத்த வீனசாரின் வேகம் 132; டார்கோல் பக்கத்தில் வந்து நின்றதும் 264. வேறெதையும் செய்யாமல், வந்து நின்றதாலேயே ஆமை இந்த உதவியைச் செய்துவிடுகிறது. பதிலுக்கு, ஆமையை வீழ்த்தக்கூடியவற்றை வீனசார் முந்திச்சென்று அடிக்கிறது. பல சீசன்களாகக் களத்தில் தென்பட்ட ஜோடி இது.

மூன்றாவது யார்? டார்கோலின் மந்தத்தையே முதலாக்கும் ஒன்று வேண்டும். ட்ரிக் ரூம் என்ற மூவ் ஐந்து சுற்றுக்கு வரிசையைத் தலைகீழாக்கும். மெதுவானது முதலில் அடிக்கும். 2019இல் வந்த ஹாட்டரீன் அதைப் போடும். ஆனால் எதிராளி சும்மா பார்த்துக்கொண்டிருப்பாரா? இன்சினரோர் போன்ற ஒன்றை இறக்கி, முதல் சுற்றிலேயே ஃபேக் அவுட் கொடுத்து ஹாட்டரீனை அசையவிடாமல் செய்வார். அப்போது நான்காவதுக்கான தேவை தானே பிறக்கிறது. பெண் இண்டீடீ சைக்கிக் சர்ஜ் திறனோடு களம் புகுந்தால், தரையில் நிற்பவற்றின் மேல் ஃபேக் அவுட் போன்ற முந்து மூவ்கள் எடுபடாது. அதோடு ஃபாலோ மீ போட்டு, ஹாட்டரீனைக் குறிவைத்த அடிகளையும் தன் மேல் இழுத்துக்கொள்ளும்.

நான்கு வந்துவிட்டன. ஒன்றைக்கூட ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டித் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதன் குறையால் அழைக்கப்பட்டது. மீதி இரண்டு இடத்துக்கும் இதே கேள்விதான். நெருப்பைத் தாங்கும் நெருப்பு வகைகள் எதிரே வந்தால் என்ன செய்வது? மழையைக் கொண்டுவரும் பெலிப்பர் வந்தால்? இரண்டாவது கேள்விக்கு ஆமையிடமே பாதிப் பதில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் களம் புகுந்தால் வேகமானதன் திறன் முதலில் வேலை செய்யும், மெதுவானதன் திறன் பிறகு. பெலிப்பர் பெய்யவைத்த மழையை டார்கோலின் வெயில் அடுத்த கணமே கலைத்துவிடும். வேகம் 20 என்று எல்லோரும் ஒதுக்கிய எண்தான் இதைச் செய்கிறது.

வேகத்தைப் பற்றிப் புதியவர் கற்க வேண்டியது நிறைய. கார்சோம்பின் அடிப்படை வேகம் 102, சரிசார்டுடையது 100. லெவல் 50இல் இரண்டுக்கும் உச்சப் பயிற்சியும் உகந்த சுபாவமும் கொடுத்தால் 169, 167 என்று வரும். இரண்டே புள்ளி. அந்த இரண்டு புள்ளியில்தான் யார் முதலில் அடிப்பது என்பது ஒவ்வொரு முறையும் தீர்மானமாகிறது. இது தெரிந்ததும் புதியவர் ஆறுக்கும் வேகத்தையே ஏற்றத் தொடங்குவார். அதற்குள் எதிராளி டெயில்விண்ட் போட்டுத் தன் பக்கத்து வேகத்தை நான்கு சுற்றுக்கு இரட்டிப்பாக்கியிருப்பார், அல்லது ட்ரிக் ரூம் போட்டு வேகத்தையே சுமையாக்கியிருப்பார். எண்ணைக் கூட்டுவதோடு வரிசை யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் ஆட்டம் அவருக்குப் பிடிபடுகிறது.

போகிமான் போட்டி வரலாற்றில் மிகவும் விரும்பிச் சொல்லப்படும் கதை 2014ஆம் ஆண்டினுடையது. வாஷிங்டன் டி.சி.யில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் சே-ஜுன், இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் ஜூடி அஸரெல்லியை வென்று பட்டம் பெற்றார். அவருடைய அணியில் கியாரடோஸ், கார்சோம்ப், கார்டெவோர், காத்திடெல், டாலன்ஃபிளேம் ஆகியவற்றோடு பாச்சிரிசுவும் இருந்தது. நாலு கிலோகூட எடையில்லாத மின்சார அணில். உயிர், தாக்குதல், வேகம் முதலான ஆறு அளவுகளையும் கூட்டினால் மொத்தம் 405. கார்சோம்புக்கு அது 600. தாக்குதலும் சிறப்புத் தாக்குதலும் தலா 45. அந்த மேடையில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. அது அடி மேல் அடியைத் தாங்கி நின்றபோது அரங்கம் ஆர்ப்பரித்தது.

இதை அன்பின் வெற்றியாகச் சொல்வதே வழக்கம்: பிடித்ததைக் கொண்டுவா, மனம் வைத்தால் வெல்லலாம். பாச்சிரிசுவின் நான்கு மூவ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதையில் சொல்லாமல் விடப்பட்ட பகுதி தெரியும். அந்த ஆண்டு விதிப்படி கலோஸ் பகுதிப் பட்டியலில் உள்ள போகிமான்களுக்கு மட்டுமே அனுமதி. பார்க்கின் அணியில் முக்கியத் தாக்குபவர்களில் ஒன்று கியாரடோஸ். தண்ணீரும் பறத்தலும் கலந்த அதற்கு மின்சார அடி நான்கு மடங்கு. மெகா வடிவம் எடுத்த பிறகும் இரண்டு மடங்கு. டாலன்ஃபிளேமும் மின்சாரத்துக்குத் தளரும். ஆகவே அணிக்கு வேண்டியது, எதிரியின் அடிகளைத் தன் மேல் திருப்பிக்கொள்ளவும், அப்படித் திரும்பி வரும் மின்சாரத்தால் பாதிக்கப்படாமல் இருக்கவும் கூடிய ஒன்று. பாச்சிரிசுவிடம் ஃபாலோ மீ இருக்கிறது. மின்சாரத்தை வாங்கி உயிராக்கிக்கொள்ளும் வோல்ட் அப்சார்ப் திறனும் இருக்கிறது.

மற்ற மூவ்கள் இன்னும் நுட்பமானவை. சூப்பர் ஃபேங், எதிரியிடம் மிச்சமிருக்கும் உயிரில் பாதியைக் கடித்துவிடும். அடிப்பதன் தாக்குதல் 45ஆ 130ஆ என்று பார்க்காது. நஸ்ல் அடிக்கும் சேதம் அற்பம்; ஆனால் பட்டால் எதிரி நிச்சயம் முடங்கும், அன்றைய விதிப்படி வேகம் கால்வாசியாக இறங்கும். நான்காவது புரொடெக்ட். பாச்சிரிசுவின் பெரிய குறை அதன் பலமற்ற அடி. அந்தக் குறையைக் கணக்கிலேயே எடுக்காத மூவ்களை மட்டும் அது வைத்திருந்தது. பயிற்சிப் புள்ளிகள் தாங்கும் சக்திக்குப் போயின. கையில் சிட்ரஸ் பெர்ரி. அன்பு அந்த அணிலைத் தேடவைத்திருக்கலாம். அதைக் களத்தில் நிற்கவைத்தது, அதனால் எதெல்லாம் முடியாது என்பதை ஒளிவுமறைவின்றிப் பார்த்த கண். பிடித்த போகிமானை விட்டுக்கொடுக்க மனமில்லாத புதியவருக்கு 2014 தரும் பாடம் கடினமானது, அதே சமயம் கனிவானதும்கூட: அதைக் கைவிட வேண்டியதில்லை; ஆனால் கூட வரும் ஐந்துக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதத்தில் அணி உருவானதும் உழைப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு போகிமானுக்கும் பிறவியிலேயே ஒவ்வோர் அளவிலும் 0 முதல் 31 வரை ஒரு மறைபுள்ளி. அதன்மேல் பயிற்சியால் சேர்க்கும் புள்ளிகள், நீண்ட காலமாக இருந்துவரும் கணக்குப்படி, ஓர் அளவுக்கு அதிகபட்சம் 252, மொத்தம் 510. 25 சுபாவங்களில் பெரும்பாலானவை ஓர் அளவைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். ஒரு காலத்தில் சரியான பிறவிப் புள்ளிகளும் சுபாவமும் அமைய முட்டை முட்டையாகப் பொரிக்க வைத்தே வாரங்கள் கழியும். 2016இல் ஹைப்பர் டிரெய்னிங்கும் 2019இல் சுபாவத்தின் விளைவை மாற்றும் மின்ட்களும் வந்து அந்தச் சுமையை இறக்கின. முழுவதும் இறங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில், வெளி மென்பொருளால் உருவாக்கிய போகிமான்கள் அணியில் இருந்ததாகக் கண்டறியப்பட்டு வீரர்கள் சிலர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். விதியை மீறியது தவறு என்று ஒரு தரப்பும், வேலைக்குப் போகும் மனிதருக்கு அத்தனை மணிநேரம் எங்கே கிடைக்கும் என்று இன்னொரு தரப்பும் வாதிட்டன. இரண்டிலும் நியாயம் உண்டு. அணியைச் சிந்திப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். அந்தச் சிந்தனைக்குள் நுழைய இவ்வளவு உடலுழைப்பைக் கட்டணமாகக் கேட்டால், முதலில் விலகிப்போவது புதியவர்தான்.

அதனாலேயே, மற்றவர் பகிர்ந்த அணியைக் கோட் போட்டு வாடகைக்கு எடுத்து ஆடும் வசதியைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. கடன் வாங்கிய அணியோடு ஆடினால் தன் திறமை வளராது என்று புதியவர் தயங்குவார். வளரும், எப்படி ஆடுகிறார் என்பதைப் பொறுத்து. நல்ல அணியைக் கையில் எடுத்தவருக்கு அதில் புரியாத ஒன்று கண்ணில் படாமல் போகாது. வேகமான தாக்குபவரிடம் இவர் ஏன் வேகத்தைக் குறைத்து உயிரைக் கூட்டியிருக்கிறார்? சேதக் கணக்கில் ஒரே அடிக்கு 85 முதல் 100 சதவீதம் வரை 16 மதிப்புகள் வரலாம். அந்த அணியைக் கட்டியவர், அடிக்கடி எதிர்ப்படும் ஏதோ ஒரு தாக்குதலை அந்த 16இலும் தாங்கித் தப்பிக்கும்படி புள்ளிகளை நகர்த்தியிருப்பார். எந்தத் தாக்குதல் அது என்று தேடிக் கண்டுபிடிக்கும்போது, இன்னொருவர் எதிர்பார்த்த களத்தைப் புதியவர் படிக்கத் தொடங்குகிறார்.

பிறகு வருவது தோல்விகள். ஆறில் நான்கை 15 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். அந்த நான்கில் முதலில் இறங்கும் இரண்டை 6 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆக 90 விதத் தொடக்கங்கள். முடிவெடுக்க 90 விநாடி. புதியவர் இவற்றில் ஒன்றிரண்டையே திரும்பத் திரும்ப இறக்குவார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எந்த நான்கைக் கொண்டுபோனார், எது முதலில் விழுந்தது, எது களத்துக்கே வரவில்லை என்று குறித்துவைத்தால் கொஞ்ச நாளில் ஓர் உருவம் தெளியும். பெரும்பாலும் ஆறில் ஒன்று எந்த ஆட்டத்துக்கும் அழைக்கப்படாமல் இருக்கும். அது பலவீனமானதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மற்ற ஐந்தில் எதற்கும் அது தேவைப்படவில்லை, அவ்வளவே.

அந்த ஓர் இடத்தை மாற்றும் நாளில்தான் அணி கட்டும் வேலை உண்மையில் தொடங்குகிறது. டார்கோல் அணியில் ஆறாவதாகக் கார்சோம்ப் வந்தால் எதிரி நெருப்பு வகைகளுக்குப் பதில் கிடைக்கும். ஆனால் பக்கத்தில் ஆமை நிற்பதால் எர்த்குவேக்கை எடுத்துவிட்டு ஸ்டாம்பிங் டான்ட்ரம் வைக்க வேண்டும். கார்சோம்பின் கையில் ஃபோகஸ் சேஷ் கொடுத்தால், அதுவரை அதை வைத்திருந்த வீனசாருக்கு வேறு ஐட்டம் தேட வேண்டும். ஐட்டம் மாறினால் வீனசாரின் பயிற்சிப் புள்ளிகளைத் திரும்பக் கணக்கிட வேண்டும். ட்ரிக் ரூம் போட்டிருக்கும்போது வேகமான கார்சோம்பை எப்போது உள்ளே கொண்டுவருவது என்றும் யோசிக்க வேண்டும். இத்தனையும் சரிசெய்த பிறகு, அடுத்த சில மாதங்களில் புதிய விதித்தொகுப்பு அறிவிக்கப்படும். அனுமதிக்கப்பட்ட போகிமான்களின் பட்டியல் மாறும். அந்தப் பட்டியலை உலகச் சாம்பியனும் புதியவரும் ஒரே நாளில்தான் படிக்கிறார்கள். டார்கோல் அதில் இருக்கிறதா, வீனசார் இருக்கிறதா, இல்லையென்றால் ஆமைக்கு வேறு யார் துணை என்று இருவருமே தேட வேண்டியிருக்கும்.